இறகுத் தூண்டில் பந்தயம்

இனி அண்டை வீட்டுக்காரனோடு அரசியல் பேசுவதில்லை என்று காலை ஜெபம் முடிந்ததும் சபதம் எடுத்தேன். காப்பி ஆறுவதற்குள் பேசிவிட்டேன்.

அண்டை வீட்டுக்காரன் பெயர் கிருஷ்ணன்குட்டி. சைக்கிள் கடை வைத்திருந்தான். கொல்லயில் என்ற ஊரில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஓர் ஓலை வேலி. எல்லைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த வருஷம் அது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற டிராயிங் மாஸ்டர் ஞானையனாகிய நான், மலையாள ராஜ்யத்தில் இருந்த தமிழ்ப் பகுதிகளைச் சென்னையோடு சேர்க்க வேண்டும் என்கிற கட்சி. அந்தப் பக்கம் நின்ற அவன், ஒரு தென்னை மரத்தைக்கூட விடமாட்டோம் என்கிற கட்சி. தினமும் வேலிக்கு மேலே விரலால் எல்லை வரைவோம். நான் நெய்யாற்றங்கரை வரைக்கும் இழுப்பேன். அவன் களியக்காவிளைக்குத் தள்ளுவான்.

அரசியலை விட்டால் எங்கள் இருவருக்கும் ஒரே பைத்தியம், ஆறு கடலில் சேரும் பூவார் பொழியில் மீன் பிடிப்பது. அதுவும் இறகுத் தூண்டிலால். தூண்டில் முள்ளின் கழுத்தில் ஈயத்தை உருக்கி ஊற்றித் தலை செய்ய வேண்டும். பின்னால் சேவல் இறகைக் கட்டி வால் செய்ய வேண்டும். தண்ணீரில் எறிந்து சுண்டிச் சுண்டி இழுத்தால் குட்டி மீன் துள்ளுவது போலிருக்கும். பெரிய பாரை மீன் ஏமாந்து வந்து கடிக்கும். கடித்ததும் எங்கள் தூண்டில்களுக்கு ஒரே விதிதான். இறகு ஒரு திசை, நூல் ஒரு திசை, பாரை அதன் திசை.

"மாஸ்டரே, நிங்களுக்கு ஒரு தூண்டில் கெட்டத் தெரியாது. பின்னெயாக்கும் நாடு கெட்டுயது!" என்றான் அன்றைக்குக் கிருஷ்ணன்குட்டி.

"நாங்க நாட்டைக் கெட்டுவோம் ஓய். நீங்க கெடுப்பிய."

"நிங்கட தூண்டில் கல்யாணப் பெண்ணு. கண்ணுல மையெல்லாம் உண்டு. வெள்ளம் பட்டாக் கரையும்."

"உமக்க தூண்டில் ஆட்டுக்கல்லு. எறிஞ்சா நேரே பாதாளம்!"

அவன் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. நான் டிராயிங் மாஸ்டர். என் தூண்டிலுக்குக் கண் எழுதுவேன், இமை எழுதுவேன், ஒருமுறை புருவமும் எழுதினேன். கட்டுதான் நிற்காது. அவனோ ஈயத்தைக் கண்டால் விடமாட்டான்.

பேச்சு முற்றிப் பந்தயமானது. சனிக்கிழமை பூவாரில் இருவரும் எறிய வேண்டும். யாருடைய தூண்டில் கடைசி வரை உதிராமல் நிற்கிறதோ அவன் ஜெயித்தான். தோற்றவன், அடுத்த நாள் இரண்டு கட்சிகளும் கூட்டம் போடும் பனச்சமூட்டில், ஜெயித்தவனுடைய கட்சிக் கூட்டத்தில் ஏறி நின்று அந்தக் கட்சிக்கு ஜே போட வேண்டும்.

கை குலுக்கிவிட்டு உள்ளே வந்த பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவன் கட்சிக் கூட்டத்தில் நான் ஜே போட்டால் என் கட்சிக்காரன் என்னை உயிரோடு விடமாட்டான். விட்டாலும், கூட்டம் என்றாலே தடியை ஓங்கும் போலீஸ்காரன் விடமாட்டான்.

இரண்டு நாள் ராப்பகலாகத் தூண்டில் கட்டினேன். தொட்டித் தண்ணீரில் போட்டேன். இறகுகள் அழகாக மிதந்து வந்து என்னைப் பார்த்தன.

அப்போதுதான் அந்த யோசனை உதித்தது. என் மனைவி ஆனந்தபாய் மிஷன் பள்ளியில் லேஸ் பின்னக் கற்றவள். அவள் போட்ட முடிச்சை அவிழ்க்கக் கத்திரிக்கோல்தான் வேண்டும். அவளைக்கொண்டு கட்டவைத்துவிடலாம். ஆனால் பந்தயம் அவளுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் தூண்டிலுக்குப் பதில் என்னைக் கட்டிப் போடுவாள். நான் முள்ளையும் ஈயத்தையும் இறகையும், மாதிரிக்கு நான் கட்டியதில் ஒன்றிரண்டையும் ஒரு தட்டில் வைத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனேன்.

"இது என்னவாக்கும்?" என்றாள்.

"நட்சத்திரம். சபையில கிறிஸ்துமஸுக்குத் தொங்கவிட."

"இப்பம் ஆவணி மாசமில்லியா?"

"முன்கூட்டியே செய்து வச்சா நல்லதில்லியா?"

"நட்சத்திரத்துக்கு என்னத்துக்கு முள்ளு?"

"தொங்கவிடண்டாமா?"

"ஈயம்?"

"காத்துல ஆடாம இருக்க. நனைஞ்சாலும் பிரியக் கூடாது."

"நனைஞ்சாலும் பிரியக் கூடாதுன்னு சொல்லுதியளே?"

"டிசம்பர்ல மழை பெய்யும்."

"ஆராவது கடிச்சு இழுத்தாலும் அறக்கூடாதுன்னு?"

நான் கடிப்பதைப் பற்றிச் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. ஆனாலும் சமாளித்தேன். "சண்டே ஸ்கூல் பிள்ளைகளை உனக்குத் தெரியாதுட்டி. கடிக்கும்."

அவள் தட்டைத் துழாவினாள். பிறகு நான் கட்டியிருந்த ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பினாள்.

"இந்தத் தலை முள்ளுல சுத்துது பாருங்க. தலை சுத்துனா நூலு தேயும். தண்டுல அரத்தால ரெண்டு வெட்டுப் போட்டு ஈயம் ஊத்தணும், அப்பம் பிடிச்சு நிக்கும். இறகு என்னத்துக்கு இம்புட்டு? சேவலையே கெட்டி வச்சிருக்கிய. நூலு நூலுக்க மேல ஏறிக் கெடக்குது. இது கெட்டில்ல, சிக்கு."

"உனக்கு ஈயத்தைப் பத்தி எப்பிடித் தெரியும்?"

"நட்சத்திரம் உங்களுக்கு வேணுமா வேண்டாமா?"

வேண்டும் என்றேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கையில் தந்தாள். நான் அப்படி ஒரு தூண்டிலை அதுவரை பார்த்ததில்லை. சின்ன ஈயத் தலை, முள்ளோடு பிறந்தது போல ஒட்டி நின்றது. மெழுகு தேய்த்த பட்டு நூல், சீப்புப் பல் மாதிரி ஒன்றின் பக்கத்தில் ஒன்றாகப் படிந்திருந்தது. நூலின் கடைசி முனையைக் காணவே இல்லை. தன் சுற்றுக்குள்ளேயே போய் ஒளிந்துகொண்டது. அதற்கு மேலே அரக்கை மெல்லியதாகப் பூசி, காயவைத்து, மறுபடியும் பூசியிருந்தாள். இறகு கொஞ்சம்தான். ஊதினால் மூச்சு விட்டது. என்னைக் கண் மட்டும் எழுத விட்டாள். அதையும் அரக்குக்கு அடியிலே எழுதச் சொன்னாள்.

பெண்சாதியை ஏமாற்றிய பெருமையில் எனக்கு அன்று ராத்திரி இரண்டு தோசை கூடுதலாக இறங்கியது.

சனிக்கிழமை பூவாரில் பொழியின் மணல்திட்டு உடைந்து ஆறும் கடலும் கலந்துகொண்டிருந்தன. நல்ல நேரம். வள்ளக்காரன் லாசரை நடுவராக வைத்தோம். கிருஷ்ணன்குட்டி தன் தூண்டிலை உள்ளங்கையில் மூடியே வைத்திருந்தான். நானும் மூடியே வைத்திருந்தேன்.

என் முதல் எறிக்கே பாரை கடித்தது. கயிறு விரலை அறுத்தது. இழுத்துப் போட்டுப் பார்த்தால் தூண்டில் அப்படியே இருந்தது. அவனுக்கும் கடித்தது. அவன் தூண்டிலும் அப்படியே இருந்தது. பாரை மேல் பாரையாக வந்தது. தூண்டில் பாறையில் உரசியது, மணலில் இழுபட்டது, பல்லில் அரைபட்டது. ஓர் இறகு உதிர வேண்டுமே! அவன் தூண்டில் உதிராதா என்று நானும், என் தூண்டில் உதிராதா என்று அவனும் ஜெபித்தோம். இரண்டு ஜெபமும் வழியில் மோதிக்கொண்டிருக்க வேண்டும். வெயில் ஏறி மீன் கடிப்பது நின்றபோது எங்கள் தோள்தான் கழன்றிருந்தது.

லாசர் இரண்டு தூண்டிலையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். நகத்தால் கீறினான். பிறகு எங்களைப் பார்த்தான்.

"பந்தயம் நிங்க ரெண்டுபேருக்கும் தானா?"

"பின்னே?"

"ரெண்டும் ஒரே கை கெட்டினதாக்கும்."

கிருஷ்ணன்குட்டி என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன்.

"மாஸ்டரே, நிங்க ஆனந்தபாய்கிட்ட என்ன சொன்னிய?"

"கிறிஸ்துமஸ் நட்சத்திரம்னு. நீரு?"

"நானும் அவங்ககிட்டத்தான். அம்பலத்து விளக்குக்குக் குஞ்சம்னு."

மீன் கூடையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் கொல்லயிலுக்குத் திரும்பினோம்.

வேலி ஓரத்தில் ஆனந்தபாயும் கிருஷ்ணன்குட்டியின் மனைவி விலாசினியும் ஆளுக்கோர் அரிவாள்மணையோடு உட்கார்ந்திருந்தார்கள். மீன் வரும் என்று அவர்களுக்குச் சந்தேகமே இருந்ததாகத் தெரியவில்லை.

"குஞ்சம் கொள்ளாமா, நல்லா நின்னுதா?" என்றாள் விலாசினி தன் புருஷனிடம். "ஈயம் ஊத்தினது நானாக்கும். எங்க அப்பன் பாத்திரத்துக்கு ஈயம் பூசியவரில்லியா? கெட்டினது இவ."

"உங்களுக்குப் பந்தயம் எப்பிடித் தெரியும்?" என்றேன்.

"வேலிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்னு கத்தினா, நடுவில துணி காயப்போடுயவங்களுக்குக் கேக்காதா?" என்றாள் ஆனந்தபாய். "பந்தயம் சமம். நாளைக்கு ரெண்டுபேரும் பனச்சமூட்டுக்குப் போவண்டாம். அங்க போய் மண்டையை உடைச்சிட்டு வந்தா, அதெக் கெட்டுயதுக்கு எனக்கிட்ட நூலு கிடையாது."

அவள் குனிந்து மீனை வெட்ட ஆரம்பித்தாள். நான் இன்னொரு பாரையை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினேன். கிருஷ்ணன்குட்டி வானத்தில் மேகம் பார்த்தான்.

மறுநாள் நாங்கள் போகவில்லை. பனச்சமூட்டில் கல் பறந்தது என்று சாயங்காலம் பஸ்ஸில் வந்தவர்கள் சொன்னார்கள். நாங்கள் வேலிக்கு இரு பக்கமும் உட்கார்ந்து மிச்ச மீன் குழம்பை ஊற்றிச் சோறு தின்றுகொண்டிருந்தோம். மாநிலத்தை எங்கே வெட்டினாலும் பூவாரில் பாரை கடிக்கும் என்று நான் சொன்னேன். அந்த வருஷத்தில் கிருஷ்ணன்குட்டி முதல் தடவையாக நான் சொன்னதை ஒப்புக்கொண்டான்.

அடுத்த வாரம் லாசர் கொல்லயிலுக்கே வந்துவிட்டான். கூடவே பூவார் வள்ளக்காரர்கள் வேறு சிலரும் வந்தார்கள். எல்லோருக்கும் அந்தத் தூண்டில் வேண்டுமாம். நானும் கிருஷ்ணன்குட்டியும் சட்டையைப் போட்டுக்கொண்டு முற்றத்துக்கு ஓடினோம். வந்தவர்கள் எங்களுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நேரே பெண்கள் உட்கார்ந்திருந்த பாய்க்குப் போனார்கள். எந்தப் பாரைக்கு எவ்வளவு கனம் வேண்டும் என்று விலாசினி விசாரித்தாள். ஆனந்தபாய் அவர்கள் கண் முன்னாலேயே ஒன்றைக் கட்ட ஆரம்பித்தாள்.

விட்டால் மானம் போய்விடும் என்று நாங்கள் இருவரும் அவள் தலைக்கு மேலே குனிந்து நின்று, இறகு இப்படி, நூல் அப்படி என்று வந்தவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தோம்.

ஆனந்தபாய் தலை நிமிராமல் சொன்னாள்: "ரெண்டுபேரும் செத்த நீங்கி நில்லுங்க, வெளிச்சம் மறையுது."