அறுபத்தைந்து கிலோ சட்டம்

போடியில் ஏலக்காய்க் கமிஷன் கடை வைத்திருக்கும் சுருளிவேல் அந்த வருஷம் ஒரு பெரிய முடிவு எடுத்தார். மெட்ராசில் சகலை கட்டிய புது வீட்டுக்குப் பால் காய்ச்சுகிறார்கள். அதற்கு மதுரையிலிருந்து விமானத்தில் போவது, அதுவும் தனியாகப் போவது. கார் வாங்கிய நாளிலிருந்து சகலை ஆடும் ஆட்டத்தை அவரால் பொறுக்க முடியவில்லை. அந்தக் காரோடு சகலை மீனம்பாக்கத்தில் வந்து நிற்க, தான் விமானத்திலிருந்து இறங்கவேண்டும். சீர்ப் பித்தளைப் பாத்திரங்களோடு மனைவி செல்லத்தாய் ரயிலில் வந்து சேர்வாள். தனக்கு விமானம், அவளுக்கு ரயில் என்பதை மட்டும் அவர் இன்னும் அவளிடம் சொல்லவில்லை.

சாப்பிடும்போது மெல்ல ஆரம்பித்தார்.

"மதுரை ஏரோடிராம் சின்னது செல்லத்தாயி. அங்க போறதுக்குன்னு ஒரு முறை இருக்கு. மெட்ராசுல இருந்து பிளேன் கெளம்பிருச்சான்னு போன் போட்டுக் கேட்டுக்கிடணும். ஒரு மணி நேரம் முந்தியே போயி நிக்கணும். நல்ல சாப்பாடு கெடைக்காது, கட்டுச்சோறு கொண்டு போகணும். காதுல பஞ்சு வைக்கணும்."

"சரிங்க. எனக்கும் ரெண்டு உருண்டை பஞ்சு எடுத்து வைக்கிறேன்."

சுருளிவேலுக்குப் புரையேறியது.

"நீ பிளேன்ல வந்தா பாத்திரத்தை யாரு கொண்டாறது? இருபது கிலோவுக்கு மேல சாமான் ஏத்த மாட்டான்."

"ஒத்த ஜீப்புல இருபது ஆளையும் மூட்டையையும் ஏத்திக்கிட்டு போடிமெட்டு ஏறுறாக. பிளேன்ல ரெண்டு அண்டா ஏத்த முடியாதா?"

"அது ஜீப்பு. இது ஆகாசம்."

"அப்ப ஒருத்தருதான் பிளேன்ல போகலாம்கிறீக. அது நானா இருந்தா என்ன?"

இப்படி ஒரு கேள்வி வரும் என்று அவர் நினைக்கவே இல்லை. அவசரத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

"அறுபத்தஞ்சு கிலோவுக்கு மேல இருந்தா ஆளையே ஏத்த மாட்டான். சின்ன பிளேனுல்ல. வாசல்லயே தராசு வச்சிருக்கான்."

மூட்டையைத் தட்டிப் பார்த்தே எடை சொல்லுகிற மனிதர் அவர். அவர் கண்ணுக்குச் செல்லத்தாய் எழுபது தேறுவாள். ஊரார் ஏலக்காயை எல்லாம் நிறுத்த அவர், தன்னை மட்டும் நிறுத்துப் பார்த்ததே இல்லை.

"அப்படியா" என்றாள் செல்லத்தாய். இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினாள். கல்யாணமாகி இருபது வருஷம் ஆன ஒருவர் அந்த 'அப்படியா'வுக்குப் பயந்திருக்கவேண்டும். இவர் பயப்படவில்லை.

பயணத்துக்கு இன்னும் பத்து நாள் இருக்கும்போது, மலையிலிருந்து காய் வந்து இறங்குகிற நாள் வந்தது. கடை நிறைய விவசாயிகள். அந்த நேரம் பார்த்துச் செல்லத்தாய் கடைக்குள் நுழைந்தாள்.

"ஏங்க, என்னைக் கொஞ்சம் நிறுத்துப் பாருங்க. அறுபத்தஞ்சு கிலோவுக்கு மேல இருந்தா பிளேன்ல ஏத்த மாட்டாகளாம். இவுகதான் சொன்னாக" என்று கூட்டத்துக்கும் விளக்கம் சொன்னாள்.

சுருளிவேலுக்கு ஏக சந்தோஷம். "ஏறு, ஏறு" என்றார். மூட்டை நிறுக்கும் பெரிய தராசில் அவள் ஏறி நின்றாள். மூட்டையோடு முன்னால் நின்ற கோட்டைச்சாமி எட்டிப் பார்த்து, "அறுபத்தொண்ணு ஆத்தா" என்றார்.

"இப்ப நீங்க ஏறுங்க."

அத்தனை பேர் பார்க்கும்போது எப்படி மறுப்பது? ஏறினார். எழுபத்தெட்டு.

"இந்தத் தராசு..." என்று சுருளிவேல் வாயெடுத்தார். கடையில் பேச்சு சட்டென்று நின்றது. கோட்டைச்சாமி தன் மூட்டையைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"தராசுக்கு என்ன மொதலாளி?"

சுருளிவேலுக்கு வேர்த்துவிட்டது. தராசு தப்பு என்றால் அத்தனை மூட்டையும் எதிர்க்கடைக்குப் போய்விடும். சட்டம் பொய் என்றால், நாளைக்கு அவர் சொல்லுகிற விலையை எவன் நம்புவான்?

"தராசு சரியாத்தான் இருக்கு."

"அப்ப சட்டம்?" என்றாள் செல்லத்தாய், மிகவும் மெதுவாக.

"சட்டமும் சரிதான்."

"பத்து நாள்ல பதிமூணு கிலோவை எங்கிட்டு எறக்குறது, பாவம்" என்று கோட்டைச்சாமி உச்சுக்கொட்டினார்.

மனுஷர் நாலு நாள் கஞ்சி குடித்துப் பார்த்தார். நாலு நாளும் செல்லத்தாய் கறிக்குழம்பு வைத்தாள். ஐந்தாம் நாள் அவரே தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

மதுரை விமான நிலையத்தில், சாயந்தர ரயிலுக்கான இரண்டு பித்தளை அண்டாக்களோடு சுருளிவேல் மனைவியை வழியனுப்ப நின்றார். வாசலில் தராசைக் காணோம். உள்ளே பெட்டியை மட்டும்தான் நிறுத்தார்கள். அவர் கண் கணக்குக்கு நூறு கிலோவுக்குக் குறையாத ஒரு ஆள் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அலுங்காமல் உள்ளே போனார். சுருளிவேல் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்படி ஒரு சட்டமே இல்லைன்னு நீங்க சொன்ன அன்னைக்கே எனக்குத் தெரியும்" என்றாள் அவள். "எஸ்டேட்டு சந்திரவல்லி அக்கா ரெண்டு தரம் பிளேன்ல போயிட்டு வந்தவுக. அவுக உடம்பை நீங்களும் பாத்திருக்கீகளே."

"பெறகு ஏன் அன்னைக்கே சொல்லலை?"

"அத்தனை பேரு முன்னால நீங்க சரின்னு சொன்னதை நான் தப்புன்னு சொல்லலாமா?"

சுருளிவேல் அண்டாவைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்சம் நிமிர்ந்தார்.

"சரி, போனது போகட்டும். திரும்பி வர்றப்ப பிளேன்ல நான்தான்."

"விருந்துச் சாப்பாடு சாப்பிட்டா எழுபத்தெட்டு எம்பது ஆயிருக்குமே. அதான் வர்றதுக்கும் என் பேருலயே டிக்கெட்டு எடுத்துட்டேன்."