அண்ணனின் ஆட்சியும் வீழ்ச்சியும்

பரீட்சைக்குப் படிக்கிறவனை ரோட்டோரம் இருக்க விடக்கூடாது. அவன் வாய்க்குள் எப்போதும் ஒரு விடை தயாராக இருக்கும். யாராவது ஒரு கேள்வி கேட்டால் போதும், கொட்டிவிடுவான். நானும் கொட்டினேன். கொட்டியது என் சொந்த அண்ணனின் கலியாணத்தின் மேல்.

நிர்வாக சேவைப் பரீட்சைக்காக வரலாற்றுக் கட்டுரைகள் எழுதிப் பழகிய காலம் அது. ஞாயிறுதோறும் வவுனியாவில் வகுப்பு. எந்த அரசனைக் கேட்டாலும் நிர்வாகம், நீர்ப்பாசனம், சமயப் பணி, வெளிநாட்டு உறவு, வீழ்ச்சி என்று தலைப்புப் போட்டு எழுதச் சொல்லித் தந்திருந்தார் சேர். "புகழ்ந்து மட்டும் எழுதினீங்களெண்டால் அரைவாசிப் புள்ளிதான். குறையையும் எழுதுங்கோ" என்பார். நான் அதை அப்படியே விழுங்கிவிட்டேன். கனகராயன்குளத்தில் எங்கள் ஒழுங்கை ரோட்டில் ஏறும் முகப்பில் கதிரையைப் போட்டுக்கொண்டு, செத்துப்போன அரசர்களையெல்லாம் சத்தமாகப் புகழ்ந்தும் திட்டியும் கொண்டிருப்பேன். (போகிற வருகிற சனம், "பாவம், நல்லாத்தான் இருந்தவன்" என்று கதைத்ததாகப் பின்னர் கேள்வி.)

அந்த நேரத்தில்தான் அண்ணனுக்குக் கலியாணப் பேச்சு. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்க வந்த தர்சினி ரீச்சரை அவனுக்குப் பிடித்துவிட்டது. ரீச்சருக்கும் அவனைப் பிடித்துவிட்டது. ஆனால் புதுக்குடியிருப்பில் இருந்த ரீச்சரின் தாய், "பெடியனைப் பற்றி விசாரிச்சுப்போட்டுத்தான் சொல்லுவன்" என்று நின்றார். அண்ணனுக்கு அந்தப் பதில்தான் உயிர். போன் கத்தினாலே திடுக்கிட்டு எழும்புவான்.

ஒரு நாள் காலை ஒரு ஸ்கூட்டி என் கதிரையடியில் வந்து நின்றது. ஹெல்மெற்றுக்குள் ஒரு அம்மா.

"தம்பி, உந்த நீலக் கேற் வீட்டுப் பெடியன், சுதன் எண்டு, எப்பிடி ஆள்?"

ரீச்சரின் தாய்தான் என்று உடனே விளங்கிவிட்டது. சொந்தத் தம்பி புகழ்ந்தால் எடுபடாது, மூன்றாம் ஆளைப்போல நடுநிலையாகச் சொல்வோம் என்று என் பெரிய மூளை முடிவெடுத்தது. தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"நிர்வாகத்தைப் பொறுத்தவரை, வீட்டிலை தாயின்ர சொல்லுத்தான் சட்டம். இவருக்கெண்டு ஒரு முடிவும் இல்லை."

"ஓ..."

"நீர்ப்பாசனத்திலை கெட்டிக்காரன். பக்கத்து வயலுக்குப் போற தண்ணியையும் தன்ர வயலுக்குத் திருப்பிப்போடுவார்."

"ஆ?"

"சமயப் பணியிலையும் குறையில்லை. திருவிழா எண்டால் அன்னதானப் பந்தியிலை முதல் ஆள். வெளிநாட்டு உறவெண்டால், கனடாவிலை ஒரு மாமா. ஆனால் கதை பேச்சில்லை."

ஒவ்வொரு தலைப்புக்கும் அந்த முகம் கறுத்துக்கொண்டே வந்தது. நானோ, ஆர்வமாகக் கேட்கிறார் என்று நினைத்தேன்.

"அடுத்தது வீழ்ச்சி."

"வீழ்ச்சியோ!" ஹெல்மெற்றைக் கழற்றிவிட்டார்.

"ஓம். பிரதான காரணம் கோவம். சாப்பாடு பிந்தினால் சட்டி பானை பறக்கும்."

(ஒரே ஒரு சட்டிதான் பறந்தது. அதுவும் மீன் களவெடுத்த பூனைக்கு எறிந்தது. ஆனால் விடையில் பன்மையில் எழுதினால்தான் எடுப்பு.)

அந்த நேரம் பார்த்து நீலக் கேற்றடியிலிருந்து என் அம்மா கத்தினார்: "டேய்! கொண்ணன் சுதன் வயலிலை காத்துக்கொண்டு நிக்கிறான். தேத்தண்ணியைக் கொண்டுபோய்க் குடுடா!"

அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீர் ஆர்?"

"சுதன்ர... தம்பி."

"சொந்தத் தம்பியோ?"

"ஓம், அன்ரி."

"சொந்தத் தம்பியே இப்பிடிச் சொன்னால் ஊர் என்ன சொல்லும்!" ஸ்கூட்டி வந்ததை விட வேகமாகத் திரும்பிப் போனது.

பின்னேரமே ரீச்சர் அழுதுகொண்டு போன் எடுத்தார். தாய் மாட்டேன் என்றுவிட்டாராம். "அறுவானே, அண்ணன்ர வாழ்க்கையிலை மண்ணைப் போட்டிட்டியே!" என்று அம்மா அகப்பையோடு கலைத்தார். அண்ணன் மட்டும் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு வயலுக்குப் போய்விட்டான். நாலு அறை தந்திருந்தால் தாங்கியிருப்பேன். அவன் சாப்பிடாமல் போனதைப் பார்க்க எனக்கு நெஞ்சு வெடித்தது.

அடுத்த நாள் மாங்குளத்தில் பஸ் மாறி, புதுக்குடியிருப்பில் போய் இறங்கினேன். அன்ரி கேற்றைத் திறக்கவில்லை. மேலால் எட்டிப் பார்த்தார்.

"என்ன, இன்னும் ஏதும் தலைப்பு மிச்சமிருக்கோ?"

பஸ்ஸில் பாடமாக்கிய முன்னுரை மறந்துபோனது. அழுகைதான் வந்தது.

"அன்ரி, அப்பா செத்தாப்பிறகு அண்ணை படிப்பை விட்டிட்டு வயலுக்குள்ள இறங்கினவன். நான் படிக்கவேணும் எண்டுதான். மழையெண்டாலும் என்னை ஏத்திக்கொண்டு போய் வகுப்பிலை விட்டிட்டு, முடியுமட்டும் வெளியிலை நிண்டு கூட்டிக்கொண்டு வருவான். அவனைப்போல ஒருத்தன் உங்கட பிள்ளைக்குக் கிடைக்கமாட்டான், அன்ரி."

"உதை நேற்றே சொல்லியிருக்கலாமே, மோனை?"

"ஒரு தலைப்புக்குள்ளையும் வரேல்லை, அன்ரி."

அன்ரி சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைக்கத் தொடங்கியது. கேற் திறந்தது. தேத்தண்ணியும் முறுக்கும் வந்தன. அடுத்த ஆவணியில் தர்சினி ரீச்சர் எனக்கு அண்ணியானார்.

பிறகு எனக்கும் ஒரு வேலை கிடைத்து (நிர்வாக சேவை இல்லை, அந்தக் கதையை விடுங்கள்) கலியாணம் பேசினார்கள். செட்டிகுளத்திலிருந்து பெண்ணின் தகப்பன் விசாரிக்க வந்தார். அன்றைக்கு வாசலில் தோய்த்து மடித்த சேட்டைப் போட்டுக்கொண்டு அண்ணன் இருந்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோசம். ஜன்னலுக்குப் பின்னால் வேர்த்துக்கொட்ட நின்றேன்.

"தங்கமான பெடியன், ஐயா. கண்ணை மூடிக்கொண்டு குடுங்கோ," என்றான் அண்ணன். "ஒண்டே ஒண்டு. அவனட்டைக் கேள்வி மட்டும் கேட்டுப்போடாதேங்கோ."

அந்த மனிதர் அதை மகளிடம் ஒரு சொல் விடாமல் ஒப்புவித்திருக்கிறார். கலியாணம் முடிந்து வந்த நாளிலிருந்து என் மனைவி என்னிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. "அம்மா வீட்டை போறன்." "புதுச் சங்கிலி எடுக்கப்போறன்." எங்கள் வீட்டில் எல்லாமே அறிவித்தல்தான்.