சோபாவில் உட்கார்ந்த சப்வூஃபர்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாவதோடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவன் நான். என் எழுத்துகளும் என்னைப் போலவே கூச்சப்பட்டு, ஒன்றன் முதுகில் ஒன்று ஒளிந்துகொள்ளும். பிழைகளை நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

யாராவது எதிரே உட்கார்ந்தாலும், போனில் கூப்பிட்டாலும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். என் மகள் ரேவதியும் மறைமலை நகர்ப் பையன் ஒருவனும் விரும்பினார்கள். பையனின் அப்பா போன் செய்தார். "ம்" என்றேன். மறுபடி செய்தார். "ம்ம்" என்றேன். (முன்னேற்றம்தானே?) "பொண்ணோட அப்பாவுக்குத் தலைக்கனம் போல. நேர்ல பார்த்துட்டுத்தான் முடிவு சொல்லுவேன்" என்றாராம் அவர். அன்றிலிருந்து ரேவதி சரியாகச் சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இரும்புலியூரில் எங்கள் வீட்டுக்கு வருவதாகச் சொன்னார்கள். எனக்கு ஒரு யோசனை. நல்ல பாட்டு ஓடினால் யாரும் பேச வேண்டியதில்லை! வீட்டில் ஏற்கெனவே ஒரு சப்வூஃபர் உண்டு. பேஸ் என்கிற கனத்த சத்தத்தால் தும் தும் என்று அடிவயிற்றில் குத்தும் பெட்டி. இன்னொன்றும் வாங்கி வந்தேன். இரண்டையும் ஓடவிட்டதும், இருந்த தும் தும்மும் போய்விட்டது.

"இன்னாய்யா இது? ஒண்ணா இருந்தப்ப நல்லா கத்துச்சு, ரெண்டானதும் ஊமையாயிடுச்சு. உன்கூட சேர்ந்து கெட்டுப்போச்சா?" என்றாள் மனைவி வசந்தா.

போனில் வீடியோ பார்த்தேன். ஒரு பெட்டி காற்றைத் தள்ளும்போது மற்றது இழுத்தால், இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடுமாம். பின்னாலிருந்த சுவிட்சை மாற்றினேன்; ஊமை பேசியது. ஆனாலும் சோபாவில் உட்கார்ந்தால் மட்டும் சத்தம் எடுபடவில்லை. அதற்கும் வீடியோவில் வழி இருந்தது. புதுப் பெட்டியைச் சோபாவில் உட்கார வைத்து, அதை மட்டும் ஓடவிட்டு, நாம் தரையில் தவழ வேண்டும். சத்தம் எங்கே திரண்டு கேட்கிறதோ அங்கே பெட்டியை வைத்தால், சோபாவில் அப்படியே கேட்கும்.

மணி நாலைத் தாண்டியிருந்தது. ஞாயிறு நாலரைக்கு ராகுகாலம். அது முடிந்துதான் வருவார்கள் என்று நான் கணக்குப் போட்டேன். அது தொடங்குமுன் வந்துவிடலாம் என்று அவர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

வேட்டியை மடித்துக் கட்டி, கண்ணை மூடி, காதைத் தரைக்குக் கொடுத்துத் தவழ்ந்தேன். காலிங் பெல் கேட்கவில்லை. திறந்திருந்த வாசல் அருகே சத்தம் அல்வா போலத் திரண்டது. ஆஹா என்று நெற்றியைத் தரையில் வைத்தேன். தரை மெத்தென்று இருந்தது. கண்ணைத் திறந்தால், கால் விரல்கள். (என்னுடையவை அல்ல.)

"ஐயையோ, எழுந்திருங்க சம்பந்தி! பொண்ணைப் பெத்தவர்னா கால்ல விழணுமா? உங்களைப் போய் தலைக்கனம்னு நினைச்சுட்டேனே!" பையனின் அப்பா பதறிப்போய் என்னைத் தூக்கினார்.

"இல்லைங்க... பேஸ் பார்த்தேங்க" என்றேன். பெட்டியின் உறுமலில் அவருக்கு எதுவும் கேட்கவில்லை.

சமையலறையிலிருந்து வசந்தா ஓடி வந்து பெட்டியை நிறுத்தினாள். "அண்ணா, சம்பந்தின்னு உங்க வாயாலயே சொல்லிட்டீங்க. அதுவும் ராகுகாலத்துக்கு முன்னாடி! இனிமே மாத்தக்கூடாது."

சோபாவில் சப்வூஃபர் உட்கார்ந்திருந்ததால், நின்றபடியே கல்யாணத்தைப் பேசி முடித்தார்கள். கதவோரம் ரேவதி வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கேட்டார்கள். "ம்" என்றேன். இந்த முறை அதற்கு அடக்கம் என்று பெயர்.

உண்மையைக் கல்யாணத்துக்குப் பிறகுதான் சொன்னோம். சம்பந்தி தானும் ஒருமுறை தவழ்ந்து பார்த்து, "கரெக்ட்டு, இங்கதான்" என்றார். அவர் அன்று நின்ற இடத்தில்தான் பெட்டி இன்றும் இருக்கிறது. மாப்பிள்ளை எப்போது வந்தாலும், வாசலிலேயே நின்று தரையைக் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்பார்: "மாமா, கீழ இருக்கீங்களா?"

எழுதி முடித்தது: தை மாதம், முதல் ஞாயிறு, ராகுகாலத்துக்கு முன்பே.