அரசாங்கப் பாறையும் சடையப்பன் தவளையும்

ஒரு காட்டுல ஒரு சிங்கராசா இருந்தாரு. எல்லாக் காட்டு ராசா மாதிரியும் பிடரி, உறுமல், மந்திரி நரி எல்லாம் வச்சிருந்தாரு. கூடவே இடுப்பு வலியும் வச்சிருந்தாரு. ஒரு நாள் சாயங்காலம், குளத்தங்கரையில வெயில்ல காஞ்சு கெடந்த பெரிய பாறை மேல சும்மா சாஞ்சாரு. சூடு ஏறுச்சு, வலி எறங்குச்சு. எந்திரிச்சதும் நரியக் கூப்பிட்டாரு.

"யோவ் மந்திரி, இது பாறை இல்லய்யா. சாமி."

"நானும் ரொம்ப நாளா அப்படித்தான் ராசா நெனச்சுக்கிட்டு இருந்தேன்"னு சொல்லுச்சு நரி. அன்னிக்குக் காலையில வரைக்கும் அந்தப் பாறைக்குப் பின்னாடிதான் அது வெளிக்கிப் போயிட்டு இருந்துச்சு.

மறுநாளே உத்தரவு வந்துருச்சு. இனிமே காட்டுக்கு அரசாங்க சாமி, பாறை. பொழுது சாயுற நேரத்துல எல்லாரும் பாறை முன்னாடி தலையக் குனிஞ்சு வாய மூடிக்கிட்டு நிக்கணும். ராசா பாறை மேல படுத்துத் தூங்குற நேரம் அது. அதே உத்தரவுல கீழ இன்னொரு வரியும் இருந்துச்சு. அவங்கவங்க சாமிய அவங்கவங்க இஷ்டம்போலக் கும்பிட்டுக்கலாம், இந்தக் காட்டுல வழிபாட்டுச் சுதந்திரம் உண்டு. பக்கத்துக் காட்டுப் புலி அப்படி ஒரு வரி போட்டுருக்காம். நம்மகிட்டயும் ஒண்ணு கெடக்கட்டுமேன்னு ராசா சேர்த்துக்கிட்டாரு.

இந்த ரெண்டு வரிக்கும் நடுவுல போயி மாட்டுனவன்தான் சடையப்பன்.

சடையப்பன் ஒரு தவளை. பேருதான் சடையப்பன், தலையில ஒத்த முடி கெடையாது. பாறைக்கு அடியில இருந்த குளத்துல குடித்தனம். குளம்னா, போன வருசம் அது குளம். இப்போ எருமை ஒரு நாக்கு நக்குனா தீந்துரும். அதுல அவன் பொண்டாட்டி பூவாத்தா வயிறு முட்ட முட்டையோட ஒக்காந்திருக்கா. மழை பேஞ்சு தண்ணி ஏறுனாத்தான் முட்டைய விட முடியும். மழை வரணும்னா மேகசாமியக் கூப்பிடணும். தவளைச் சாதிக்குக் கூப்பிடத் தெரிஞ்சது ஒரே வழி, கூட்டமா ஒக்காந்து கத்துறது. அதையும் பொழுது சாயுறப்போதான் கத்தணும். பகல்ல கத்துனா மேகத்துக்கு முந்திக் கொக்குக்குக் கேட்டுரும்.

"இன்னும் எத்தன நாளைக்கு நான் இப்படியே ஊதிப்போயி ஒக்காந்திருக்கிறது? போயி அந்த நரியப் பாரு"ன்னு பூவாத்தா வெரட்டி விட்டா.

நரி புளியமரத்தடியில ஆபீசு போட்டிருந்துச்சு. அரசாங்க சாமியும் மத்த சாமிகளும் ஒண்ணோட ஒண்ணு முட்டிக்காமப் பாத்துக்கிறதுதான் அங்க வேலை. வரிசை எங்கியோ போகுது. நடுவுல ஒரு பாம்பும் நின்னதால, சடையப்பன் வரிசைய விட்டு நல்லாத் தள்ளி, தனியா ஒரு வரிசையில நின்னான்.

மொதல்ல குரங்கு போச்சு.

"அய்யா, எங்க சாமி மாமரம்."

"பேஷாக் கும்பிடு. ஆனா மூஞ்சி பாறையப் பாத்து இருக்கணும்."

"அப்ப மாமரத்துக்கு?"

"பின்பக்கத்தக் காட்டு."

"எங்க பின்பக்கம் எப்படி இருக்கும்னு அய்யா பாத்துருக்கீங்கல்ல?"

"சாமி பெரிய மனசு பண்ணும். அடுத்த ஆளு."

அடுத்து வவ்வாலு. தலையக் குனிஞ்சு நிக்கணும்னு நரி சொல்ல, "பொறந்ததுலேருந்து குனிஞ்சுதாங்கய்யா இருக்கேன்"னு அது சொல்லுச்சு. இதுமாதிரி ஒரு குடிமகன் உண்டான்னு நரி கண்ணத் தொடச்சுக்கிச்சு.

அப்புறம் சடையப்பன்.

"ஒனக்கு என்னப்பா சாமி?"

"மேகமுங்க."

"நல்ல சாமி. ஒசரத்துல இருக்கு, எடத் தகராறு வராது. எப்படிக் கும்பிடுவீங்க?"

"கத்துவோமுங்க."

"எப்ப?"

"பொழுது சாய."

நரி காதச் சொறிஞ்சுச்சு. "அது ராசா தூங்குற... அது மவுன நேரமாச்சேப்பா."

"அதாங்க வந்தேன். மழை வரலேன்னா எம் பொண்டாட்டி சொமக்கிற அத்தனையும் வீணாப் போயிரும். ஒரு வழி பண்ணுங்க."

நரி கண்ண மூடிக்கிட்டு யோசிச்சுச்சு. "இந்தா பாரு. கத்தக் கூடாதுன்னு நான் சொல்ல முடியாது, சுதந்திரம் இருக்கு. வாயத் தொறன்னும் சொல்ல முடியாது, அரசாங்க சாமி இருக்கு. ரெண்டுத்தையும் சேத்து வச்சுப் பாத்தா ஒண்ணுதான் வருது. நீ தாராளமாக் கத்து. வாயத் தொறக்காமக் கத்து."

"அது எப்படிங்கய்யா முடியும்?"

"அது உங்க சாமி விசயம். அதுல அரசாங்கம் தலையிடாது."

சடையப்பன் வழியெல்லாம் அழுதுக்கிட்டே தாவித் தாவி வீடு வந்தான். நடந்ததச் சொன்னான். பூவாத்தா கிட்ட வந்து கேட்டா.

"ஏன்யா, நீ என்னிக்காவது வாயத் தொறந்து கத்திருக்கியா?"

"பின்ன எதத் தொறந்து கத்துனேன்?"

"வாய மூடு."

"புருசன்கிட்டப் பேசுற பேச்சாடி இது."

"மூடிக்கிட்டு மேகத்தக் கூப்பிடுன்னேன்."

மூடுனான். பக்கத்துல கொக்கு இருக்கான்னு ஒரு பார்வை பாத்துட்டுக் கூப்பிட்டான். தாடைக்குக் கீழ திருவிழா பலூன் கணக்கா ஒண்ணு புஸ்ஸுன்னு உப்புச்சு. 'குர்ராங்'னு சத்தம் கெளம்பி எதுத்த கரையில முட்டித் திரும்பி வந்துச்சு.

"நீ வாயத் தொறக்குறது ரெண்டே ரெண்டுக்கு"ன்னா பூவாத்தா. "பூச்சி திங்க, எங்கிட்ட வெட்டி நாயம் பேச. கத்துறது பூராத் தொண்டப் பையில. கட்டிக்கிட்ட நாளா எதுத்தாப்புல ஒக்காந்து பாக்குறவளுக்குத் தெரியாதா?"

சடையப்பனுக்கு வெக்கமாப் போச்சு. தன் தாடைக்குக் கீழ நடக்குறது தனக்கு எங்க தெரியுது. சேதி பரவி மத்த ஆம்பளத் தவளைகளும் வந்து ஒண்ணோட கழுத்த ஒண்ணு தடவிப் பாத்துக்கிச்சு. "அட, எனக்கும் அப்படித்தான்யா இருக்கு."

அன்னிக்குப் பொழுது சாஞ்சுச்சு. பாறை மேல ராசா குறட்டை. கீழ மொத்தக் காடும் தலையக் குனிஞ்சு நிக்குது. குளத்துலேருந்து ஆரம்பிச்சுச்சு பாருங்க ஒரு கச்சேரி. பாறையில பட்டுப் பட்டு ஒண்ணு நூறாக் கேக்குது. ராசா அலறியடிச்சு எந்திரிச்சாரு.

"எவன்டா அவன்? புடிச்சுட்டு வாங்கடா."

நரியும் ஓநாய் ஏட்டும் ஓடுனாங்க. "ஏட்டு, அவன் வாயப் பாரு."

"மூடியிருக்குங்கய்யா."

"அடுத்தவன்?"

"அவனும் மூடித்தாங்க இருக்கான்."

"கழுத்துல என்னய்யா அது, பந்தாட்டம்?"

"பக்தி முத்திருக்கும்ங்கய்யா."

நரிக்கு வேர்த்துருச்சு. வாய மூடிக்கிட்டுக் கத்தலாம்னு உத்தரவு குடுத்ததே அதுதான். தவளைகதான் கத்துதுன்னு சொன்னா, ராசா மொதல்ல நரி கழுத்தத்தான் புடிப்பாரு. சுத்திப் பாத்துச்சு. குளத்தத் தாண்டி அங்க இருக்கிறது பாறை ஒண்ணுதான்.

"ராசா, பாறைசாமி பேசுது."

"நான் மேல படுத்திருக்கிறப்பவா? என்னய்யா சொல்லுது?"

நரி பாறையில காத வச்சுச்சு. "எறங்கச் சொல்லுது ராசா."

ராசா ஒரே குதி குதிச்சாரு. அவரு எறங்கவும் வானத்துல ஒரு இடி எறங்கவும் சரியா இருந்துச்சு. அப்புறம் பாருங்க, கொட்டுன மழையில குளம் கரை தட்டிருச்சு. பூவாத்தா விடிய விடிய முட்டை விட்டு, இளைச்சு, பழைய பூவாத்தாவா ஒக்காந்திருந்தா.

காலையில நரி தண்டோரா போட்டுச்சு. மழையக் குடுத்தது பாறைசாமி. வேற எவனாவது குடுத்தான்னு வாயத் தொறந்து சொன்னா, ஓநாய்க்குச் சோறு.

சடையப்பனுக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. "தொண்ட வலிக்கக் கூப்பிட்டது நானு, வந்தது எங்க மேகம், பேரு அந்தப் பாறைக்கா? இன்னிக்குச் சாயங்காலம் எல்லாரு முன்னாடியும் உண்மையச் சொல்லல, எம் பேரு சடையப்பன் இல்ல."

பொழுது சாஞ்சதும் பாறை முன்னாடி வந்து நின்னு, வாயத் தொறக்கப் போனான். பூவாத்தா அவன் தலை மேல ஏறி ஒக்காந்துக்கிட்டா. காதுக்குள்ள குசுகுசுத்தா.

"முட்டை பொரியுறதுக்குள்ள புள்ளைகளுக்கு அப்பன் இல்லாமப் பண்ணிராத."

"அப்ப உண்மைய யாருடி சொல்றது?"

"சொல்லு. யாரு வேணாம்னா? வாயத் தொறக்காமச் சொல்லு."

சடையப்பன் வாய இறுக்கி மூடுனான். தொண்டைய உப்புனான். மழையக் கொண்டாந்தது நாங்க, பாறை வெறும் பாறை, ராசா ஒரு கூமுட்டை, நரி ஒரு திருட்டுப்பயன்னு ஒண்ணு விடாம, காடே அதிர அதிரச் சொன்னான். பாறைய விட்டு எறங்கி நின்ன ராசாவும் சேந்து, எல்லாரும் தலையக் குனிஞ்சு கேட்டாங்க.

ராசாவுக்குக் கண்ணு கலங்கிருச்சு. "சாமி இன்னிக்கு ரொம்ப நேரம் பேசுதேய்யா. என்ன சொல்லுது?"

"உங்களத்தான் ராசா புகழுது"ன்னுச்சு நரி.

நீதி: வாய மூடிக்கிட்டு இருக்கிற வரைக்கும் எவ்வளவு வேணாலும் கத்திக்கலாம்.