கஞ்சி குடித்த ஸ்கர்ட்

மனைவிக்கு உதவி செய்யக் கிளம்பும் கணவனை வாசற்காலிலேயே கட்டிப் போட்டுவிட வேண்டும். என்னை அன்று யாரும் கட்டவில்லை.

எழுபதுகளின் கடைசி. கல்யாணமாகி இரண்டாம் வருடம், முதலியார்பேட்டையில் குடியிருந்தோம். நான் கல்லூரியில் இயற்பியல் விரிவுரையாளர் (நடக்கும்போதே கொஞ்சம் நிமிர்ந்துதான் நடப்பேன்). என் மனைவி கனகாவுக்குப் பின்னல் வேலை என்றால் உயிர். கடற்கரைப் பக்கம் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஒரு பள்ளியில் தையல் டீச்சர் வேலை காலியாக இருந்தது. அங்கிருந்த மதர், பிரான்சிலிருந்து வந்த லினன் நூல்கண்டுகளை அவளிடம் கொடுத்து, "எட்டு வயதுப் பெண்ணுக்குக் கோடையில் போட ஒரு ஸ்கர்ட் பின்னி, ஓரத்தில் லேஸ் வைத்துக் கொண்டு வா. பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன்" என்றார்.

அந்த வேலைக்காக அவள் எவ்வளவு ஏங்கினாள் என்று எனக்குத் தெரியும். தூக்கத்தில்கூட விரல்கள் அசையும். லினன் நம் பருத்தி நூல் மாதிரி வளைந்து கொடுக்காது. ஊசியிலிருந்து வழுக்கி ஓடும். பிரித்துப் பிரித்துப் பின்னினாள். முடித்தபோது வெண்ணெய் நிறத்தில், முட்டி வரைக்கும், கீழே சிலந்தி வலை போல லேஸ்.

மதரைப் பார்க்க வேண்டிய நாள் காலையில், சமையலை முடித்துவிட்டு பக்கத்தில் சாரம் என்ற பகுதியிலிருந்த தன் அம்மாவைப் பார்க்கப் போனாள். ஸ்கர்ட் நாற்காலியில் கிடந்தது. எனக்கு அது தொளதொளவென்று பட்டது. என் வேட்டியைப் பார்த்தேன். கஞ்சி போட்டு மொடமொடவென்று இருந்தது. அப்போதுதான் அந்த யோசனை வந்தது.

வடித்து வைத்திருந்த கஞ்சியில் ஸ்கர்ட்டை முக்கி எடுத்தேன் (கெட்டியாக இருக்கட்டும் என்று கொஞ்சம் சோற்றையும் மசித்துச் சேர்த்தேன்). கொடியில் மாட்டி, சுருக்கம் போக லேஸ் ஓரத்தில் வீட்டிலிருந்த பூட்டுகளையெல்லாம் கட்டித் தொங்கவிட்டேன். புவியீர்ப்பு விசை சும்மா கிடைக்கும்போது இஸ்திரிப் பெட்டி எதற்கு?

மதியம் போய்ப் பார்த்தால் ஸ்கர்ட் வளர்ந்திருந்தது. எட்டு வயதுப் பெண் என்ன, கனகாவே உடுத்தலாம். லேஸ் ஓட்டைகளில் கஞ்சி ஏடு படிந்து அப்பளம் மாதிரி மின்னியது. இறக்கித் தரையில் வைத்தேன். தானாக நின்றது.

பக்கத்து வீட்டு தனம் அக்கா மதில்மேல் எட்டிப் பார்த்தார். "என்னா சார், பஞ்சாரக் கூடை வாங்கிட்டீங்களா? கோழி எப்ப வருது?"

அந்த நேரம் பார்த்துக் கனகா வந்து சேர்ந்தாள்.

"என்னாங்க இது?"

"கொஞ்சம் கஞ்சி..."

"கொஞ்சமா? ஒரு ஆளு பசியாறலாம்!"

"அலசிடலாமா?"

"நாலு மணிக்கி மதரப் பாக்கணும். எப்ப காயும்?" முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வாங்க, போலாம்."

பையில் நுழையாததால் மடியில் வைத்துக்கொண்டு சைக்கிள் கேரியரில் உட்கார்ந்தாள். மதரிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, தமிழிலும் பிரெஞ்சிலும் ஒத்திகை பார்த்துக்கொண்டே மிதித்தேன்.

மதர் அதை மேசைமேல் வைத்தார். நின்றது. கிணற்றைப் பார்ப்பது போல உள்ளே எட்டிப் பார்த்தார். பக்கத்திலிருந்த டீச்சர்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவர்களில் ஒருத்தி என்னிடம் படித்தவள். "வணக்கம் சார்" என்றாள் வேறு.

"யார் இப்படிச் செய்தது?" என்றார் மதர்.

'நான்தான்' தொண்டை வரை வந்தது. அந்தப் பழைய மாணவியைப் பார்த்தேன். வந்த சொல் திரும்பிப் போய்விட்டது.

"என் தப்புதான் மதர்" என்றாள் கனகா.

வேலை வேறொருத்திக்குப் போனது.

வெளியே வந்ததும் கேட்டேன். "என்னைச் சொல்லியிருக்கலாமே?"

"புருஷன நம்பி துணிய விட்டுட்டுப் போனேன்னு சொன்னா மட்டும் வேலை குடுப்பாங்களா? மிதிங்க."

கேரியரிலிருந்து சத்தம் வந்தது. சிரிக்கிறாள் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தபோது சிரிப்பு இல்லை.

வேறொரு பள்ளியில் அவளுக்கு வேலை கிடைக்கச் சில வருடங்கள் ஆயின. ஆனால் அன்று விழுங்கிய அந்தச் சொல் பிறகு என் வாயில் நிற்பதே இல்லை. பால் பொங்கினால் நான்தான், கண்ணாடி உடைந்தால் நான்தான், கரண்ட் போனால்கூட நான்தான். பேரப்பிள்ளைகள் இதைத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். "தாத்தா, இன்னிக்கி ரிமோட்ட ஒடச்சிட்டீங்க" என்று வந்து தகவல் சொல்வார்கள். நானும் சமையலறை வாசலில் போய் நின்று, "நான்தான்" என்பேன்.

கனகா திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

"அன்னிக்கி ஒருவாட்டி சொல்லியிருந்தா போதும்" என்பாள்.