சிவப்புக்கு ஏறிய முள்

புது மருமகன் மாமனார் வீட்டில் வாயைச் சாப்பிட மட்டும் திறந்தால் ஆயுசு முழுக்க மரியாதை. நான் பேசவும் திறந்துவிட்டேன்.

ராகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் என் மாமனார் டிரைவர். வெள்ளைக்காரத் துரை சீமைக்குப் போகும்போது அவருக்கு விட்டுப்போன காரில்தான் என் கொழுந்தியாளை மணப்பெண்ணாக நுவரெலியா கோயிலுக்குக் கூட்டிப்போக வேண்டும். (மாப்பிள்ளை வீட்டார் முகூர்த்தம் தப்பினால் எழுந்து போகிற ரகம்.) காரில் ஒரே கோளாறு: சாவியைத் திருப்பியதுமே என்ஜின் சூட்டைக் காட்டும் முள் சிவப்பில் போய் நிற்கும். சென்சர் பழுது, நான் மாற்றிவிடுகிறேன் என்றேன். நான் ஹட்டனில் மோட்டார் சாமான் கடையில் வேலை பார்த்தவன். சாமானை எடுத்துக் கொடுப்பேனே தவிர, ஒன்றையும் பூட்டியதில்லை.

கல்யாணத்தன்று விடியும்போது புல்லெல்லாம் பனி உறைந்து கிடந்தது. பழைய சென்சரைக் கழற்றியதும் என்ஜின் தண்ணீர் பீய்ச்சியடித்து என் வேட்டியை நனைத்தது. பல் கிட்டிக்கொண்டது. எப்படியோ புதியதைப் பூட்டி, தண்ணீர் ஊற்றி, என்ஜினை ஓடவிட்டேன். முள் அசையவே இல்லை.

குளிர் நாளில் எங்கள் பக்கத்து டிரைவர்மார் ரேடியேட்டரை மூடித்தான் என்ஜினைச் சூடாக்குவார்கள். மாமியார் கொழுந்து பறிக்கப் போகும்போது இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கு கொடியில் கிடந்தது. எடுத்து ரேடியேட்டருக்கு முன்னால் செருகினேன். முள் மெல்ல எழுந்து நடுவில் நின்றது! சந்தோஷத்தில் பொனட்டை அப்படியே மூடிவிட்டு எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

காரையும் நானே ஓட்டினேன் (ஆமாம், அதையும் கேட்டு வாங்கினேன்). பக்கத்தில் மாமா, பின்னால் மணப்பெண், மாமியார், என் மனைவி. கந்தப்பளை ஏற்றத்தில் முள் நடுவைத் தாண்டியது. மாமா முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"புது சென்சருங்க மாமா. பழகுற வரைக்கும் கொஞ்சம் கூடத்தான் காட்டும்" என்றேன்.

முருகா, கோயில் வாசல் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடு என்று வேண்டிக்கொண்டேன். முள் சிவப்பைத் தொட்டது.

"அத்தான், கல்யாணம் நடக்குமா?" என்றாள் கொழுந்தியாள், அழுகிற குரலில்.

பதிலுக்குப் பொனட்டிலிருந்து குபுகுபுவென்று ஆவி கிளம்பியது.

மாமா இறங்கினார். பொனட்டைத் திறந்து, ஆவி பறக்கும் படங்கை உருவி எடுத்தார். காலையிலிருந்து இதைத்தான் தேடினேன் என்றார் மாமியார். மாமா திட்டுவார் என்று தலையைக் குனிந்து நின்றேன்.

"சென்சர நல்லாத்தான் மாத்தியிருக்கீங்க மாப்ள" என்றார் மாமா. "அது உண்மையத்தான் சொல்லிச்சு."

வெங்காயத்தாள் மாதிரி மணக்கும் லீக்ஸ் ஏற்றி வந்த லொறியொன்றை மறித்தார்கள். லீக்ஸ் கட்டுகளின் மேல் அந்தப் படங்கையே விரித்து, பட்டுச் சேலையோடு மணப்பெண்ணை உட்கார வைத்தார்கள். நான் காரோடு நின்றேன். முகூர்த்தம் தப்பினால் அப்படியே கால்நடையாக ஹட்டனுக்குப் போய்விடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

என்ஜின் ஆறி நான் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பந்தி நடந்துகொண்டிருந்தது. பெண் மேல் லீக்ஸ் மணம் என்று மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளித்தார்கள். நான் அவள் கழுத்தை மட்டும் பார்த்தேன். தாலி இருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கொழுந்தியாளுக்கு இப்போது பேரப்பிள்ளைகள். "தாத்தா, படங்குச் சாக்க உருவியாச்சா?" என்று கேட்காமல் ஒன்றும் என் காரில் ஏறாது. போன மாதம் நான் பஸ்ஸில்தான் ஊருக்குக் கிளம்பினேன். அதற்கும் கேட்டார்கள்.