மைனாவின் ரத்தம்

பெட்டியைத் திறந்ததும் ஆஸ்மாவுக்குத் தலை சுற்றியது. ரத்தம் அடைத்த கண்ணாடிக் குழாய் ஐஸ் கட்டிகளுக்கு நடுவே சொகுசாகப் படுத்திருந்தது.

"ஐஸ்ல ஏன் வச்சீங்க ரமீஸ்?"

"கெட்டுப்போயிடும்ல அக்கா! மீனுக்கே வைக்கிறோம்," என்றார் ரமீஸ் பெருமையாக. மலேசியாவின் ஜொகூரிலிருந்து சிங்கப்பூர் லிட்டில் இந்தியா கடைகளுக்குச் சரக்கு கொண்டுவரும் வேன்காரர் அவர்.

மாட்டுக் காசநோயை ரத்தத்திலேயே கண்டுபிடிக்கும் சோதனைக்காக ஜூரோங் ஆய்வுக்கூடத்தில் ஆஸ்மா மூன்று வருடம் மாரடித்திருந்தாள். ரத்த அணுக்கள் உயிரோடு இருந்தால்தான் கிருமியைக் காட்டிக்கொடுக்கும். குளிரில் விறைத்தால் வாயே திறக்காது.

ஜொகூர் பண்ணைக்காரர் அண்ணாதுரையின் செல்லப் பசு மைனாவுக்குத் தோல் சோதனையில் சந்தேகம். ரத்தமும் ஆமாம் என்றால் வெட்டிவிடுவார்கள். "தோல் சோதனை தப்பாவும் காட்டும்ணே. என் டெஸ்ட் மைனாவக் காப்பாத்தும்," என்று வாய் நிறையச் சொன்னவள் ஆஸ்மாதான்.

போன் போட்டாள். "அண்ணே, இன்னொரு தடவ ரத்தம் எடுக்கணும்."

"மறுபடியுமா? வாயில்லா ஜீவன்ம்மா அது."

இரண்டாவது குழாய்க்கு ஐஸே கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னாள். ரமீஸ் அதை வேனின் முன்கண்ணாடியோரம் வைத்துக்கொண்டு, உட்லண்ட்ஸ் எல்லைப் பாலத்து நெரிசலில் நான்கு மணி நேரம் வெயிலில் நின்றார். ரத்தம் வெந்தே போனது.

"ஐஸ் வேணாம்னு நீங்கதானே சொன்னீங்க லா!"

மூன்றாவது முறை கேட்க ஆஸ்மாவுக்கே கூசியது. "ரத்தம் எடுக்க வர்றவரு எடுத்துக்கட்டும். நான் பக்கத்துல நிக்க மாட்டேன்," என்றார் அண்ணாதுரை.

இம்முறை ஆஸ்மாவே உட்லண்ட்ஸ் போய்க் காத்திருந்து, ரமீஸிடம் குழாயை வாங்கிக் கைப்பையில் வைத்து, எம்ஆர்டி ரயிலில் கொண்டுவந்தாள்.

காசநோய் உண்டு என்றது சோதனை. வெள்ளிக்கிழமை மைனாவை வெட்டினார்கள். நுரையீரலை அறுத்துப் பார்த்த கால்நடை மருத்துவர், நோயின் சுவடே இல்லை என்று எழுதி அனுப்பினார்.

அநியாயமாக ஓர் உயிரைக் கொன்றுவிட்டோமே என்று ஆஸ்மா அழுதாள். தன் சோதனையைக் கைவிடுவதாக மேலதிகாரிக்குக் கடிதமும் அனுப்பிவிட்டாள். அடுத்த வாரம் ரமீஸிடம், "என் டெஸ்ட்டே தப்பு. அண்ணன் முகத்துல எப்படி முழிப்பேன்?" என்றாள்.

ரமீஸுக்கு முகம் வெளிறியது.

"அக்கா, மூணாவது தடவ ரத்தம் எடுக்கறப்ப அண்ணன் பார்க்கச் சகிக்காம வெளிய போயிட்டாரு. குத்துன எடமெல்லாம் வீங்கி மைனா பாவமா நின்னுச்சு. எல்லாம் ஒரே கொட்டகை மாடுதானேன்னு, நான்தான் பக்கத்துல நின்ன வேற மாட்ட ரத்தம் எடுக்கப் பிடிச்சுக் கொடுத்தேன்!"